இடைவெளியைத் தாண்டும் செய்தி: நரம்பணு கண்டறியப்பட்ட வரலாறு

மூளையும் தண்டுவடமும், அவற்றிலிருந்து கிளைத்து உடலெங்கும் ஓடும் நரம்புகளும் சேர்ந்ததே நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும் தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் புறப்படுகின்றன. அவற்றில் உள்ள இழைகளுள் சில கண், காது, தோல் முதலியவற்றிலிருந்து செய்தியை உள்ளே கொண்டுவருகின்றன. சில தசைகளுக்குக் கட்டளையை வெளியே கொண்டுசெல்கின்றன. இன்னும் சில நம்மைக் கேட்காமலேயே இதயத்தையும் குடலையும் நடத்துகின்றன. இந்த அளவு பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. ஆனால் இந்த மண்டலம் உண்மையில் எதனால் ஆனது, உச்சி முதல் உள்ளங்கால் வரை அறுபடாமல் ஓடும் ஒரே வலையா, அல்லது ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் தனித்தனிச் செல்களின் கூட்டமா என்ற கேள்விக்கு விடை காண 19-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் தங்களுக்குள் சண்டையிட வேண்டியிருந்தது. பாம்பின் நஞ்சு எப்படி மூச்சை நிறுத்துகிறது, மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை மூளையில் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பன போன்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த விடை தெரிந்த பின்னரே பதில் சொல்ல முடிந்தது.

அறிவுக்கு இருப்பிடம் மூளைதான் என்பதே நெடுங்காலம் ஒப்புக்கொள்ளப்படாத செய்தி. அரிஸ்டாட்டில் இதயத்தையே அதன் இருப்பிடமாகக் கொண்டார்; மூளை இரத்தத்தைக் குளிர்விக்கும் உறுப்பு என்பது அவர் கருத்து. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த கேலன், பலர் முன்னிலையில் ஓர் உயிருள்ள பன்றியின் குரல்வளைக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்துக் காட்டினார். பன்றி தொடர்ந்து திமிறியது, ஆனால் அதன் அலறல் மட்டும் நின்றுவிட்டது. குரலை நடத்துவது இதயம் அன்று, மூளையிலிருந்து வரும் நரம்பே என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. கொடூரமான சோதனைதான்; ஆனாலும் நரம்பியலில் ஒரு கருத்தைச் சோதித்துக் காட்டி நிறுவும் வழக்கம் இங்கிருந்து தொடங்குகிறது என்றே கொள்ளலாம். நரம்பினுள் ஓடுவது என்ன என்பதில் கேலன் தவறினார். நரம்புகள் உள்ளே துளையுள்ளவை, அவற்றின் வழியே நுண்ணிய உயிராவி ஒன்று பாய்கிறது என்று அவர் எழுதிவைத்தது, சிறு மாற்றங்களுடன் 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் தெகார்த் காலம் வரை செல்வாக்குடன் நீடித்தது.

அந்த ஆவியை விரட்டியது மின்சாரம். இத்தாலியின் போலோன்யா நகரில் லூயிஜி கால்வானி, அறுத்தெடுத்த தவளைக்காலின் நரம்பில் மின்பொறி பட்டால் கால் துள்ளுவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1791-இல் நூலாக வெளியிட்டார். விலங்கின் உடலுக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்றார் அவர்; இல்லை, சோதனையில் பயன்பட்ட இருவேறு உலோகங்களே மின்சாரத்தை உண்டாக்குகின்றன என்றார் இன்னொரு இத்தாலியரான இயற்பியலாளர் வோல்டா. அந்த வழக்கில் தன் பக்கத்தை நிறுவ முயன்றபோதுதான் வோல்டா 1800-இல் மின்கலத்தைக் கண்டுபிடித்தார். இருவருமே தத்தம் அளவில் சரியாகத்தான் சொன்னார்கள் என்பது பின்னால் தெரியவந்தது.

நரம்பில் மின்சாரம் என்றதும், செய்தி நினைத்த மாத்திரத்தில் போய்ச் சேரும் என்று பலரும் கருதினர். அதன் வேகத்தை அளக்கும் வழி மனிதனுக்கு ஒருபோதும் கிட்டாமல் போகலாம் என்று புகழ்பெற்ற ஜெர்மானிய உடலியலாளர் யோகான்னஸ் முல்லர் எழுதியிருந்தார். அவருடைய மாணவரான ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ஐ ஒட்டிய காலத்தில் அதை அளந்தே காட்டிவிட்டார். தவளைக்கால் நரம்பைத் தசைக்கு அருகில் ஒருமுறையும் தொலைவில் ஒருமுறையும் தூண்டி, தசை சுருங்க எடுத்துக்கொண்ட நேரத்தின் வேறுபாட்டைக் கணக்கிட்டார். கிடைத்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே நரம்பில் நடப்பது செம்புக் கம்பியில் மின்சாரம் ஓடுவதைப் போன்ற நிகழ்ச்சியாக இருக்க முடியாது என்பது அப்போதே உறுதியாயிற்று.

இதே காலத்தில் உயிரியலின் இன்னொரு பெரிய கருத்து வேரூன்றியது. தாவரங்கள் செல்களால் ஆனவை என்று 1838-இல் ஷ்லைடனும், விலங்குகளும் அப்படியே என்று 1839-இல் ஷ்வானும் நிறுவினர். தோல், ஈரல், தசை எல்லாம் இந்த விதிக்கு அடங்கின. மூளை மட்டும் அடங்க மறுத்தது. நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு வட்டமாகவும் முக்கோணமாகவும் செல் உடல்கள் தெரிந்தன, அவற்றைச் சுற்றிக் கணக்கற்ற மெல்லிய இழைகளும் தெரிந்தன. ஆனால் எந்த இழை எந்தச் செல்லுடையது, அது எங்கே போய் முடிகிறது என்று எவராலும் பின்தொடர முடியவில்லை. அப்போதிருந்த சாயங்கள் எல்லாச் செல்களையும் ஒருசேர நிறமேற்றியதே காரணம். நெருங்கி வளர்ந்த மூங்கில் புதரின் முன்னே நின்றுகொண்டு, ஒரே ஒரு மூங்கிலின் கிளைகள் எவையெவை என்று பிரித்துச் சொல்லச் சொன்னால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது அவர்கள் நிலை. ஜெர்மனியின் யோசஃப் கெர்லாக் போன்றோர், இழைகள் அனைத்தும் ஒன்றோடொன்று கலந்து ஒரே வலையாகிவிடுகின்றன என்று முடிவு கட்டினர். கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான்.

சிக்கலை அவிழ்த்தவர் கமில்லோ கோல்ஜி. இத்தாலியில் மிலானுக்கு அருகே அபியாதெக்ராஸோ என்ற சிற்றூரில், தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனையில் அவர் தலைமை மருத்துவராக இருந்தார். ஆய்வகம் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. ஒரு சமையலறையையே ஆய்வகமாக்கிக்கொண்டு வேலை செய்தார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்தி, பின்னர் சில்வர் நைட்ரேட் கரைசலில் இட்டு, மெல்லிய சீவலாக வெட்டி 1873-இல் அவர் பார்த்தபோது, மஞ்சள் பின்னணியில் சில செல்கள் மட்டும் தம் எல்லாக் கிளைகளுடனும் மை போன்ற கறுப்பு நிறத்தில் எழுந்து நின்றன. இந்த முறையின் மகிமை அது காட்டியதில் பாதி, காட்டாமல் விட்டதில் பாதி. நூற்றில் சில செல்களை மட்டுமே அது கறுப்பாக்குகிறது. மற்றவை கண்ணுக்குப் புலப்படுவதே இல்லை. எந்தக் காரணத்தால் குறிப்பிட்ட சில செல்கள் மட்டும் சாயத்தை ஏற்கின்றன என்பது இன்றுவரை முழுமையாக விளங்கவில்லை.

இவ்வளவு அருமையான கருவியைக் கையில் வைத்திருந்தும் கோல்ஜி வலைக் கொள்கையை விடவில்லை. செல்லிலிருந்து குட்டையாகக் கிளைக்கும் இழைகள் உணவூட்டத்துக்கு உரியவை என்றும், ஒற்றையாக நீளும் இழையின் கிளைகளே ஒன்றோடொன்று கலந்து வலையாகின்றன என்றும் அவர் நம்பினார்.

கோல்ஜியின் சாயத்தை ஸ்பெயினைச் சேர்ந்த சாந்தியாகோ ரமோன் இ கஹால் முதன்முதலில் பார்த்தது 1887-இல், மாட்ரிட் நகரில் லூயிஸ் சிமாரோ என்ற மருத்துவரிடம். கஹால் 1852-இல் பிறந்தவர். ஓவியராக வேண்டும் என்பது இளமையில் அவருடைய ஆசை. உடற்கூறு கற்பித்த தந்தையோ மகனை மருத்துவராக்கியே தீர்வது என்றிருந்தார். கல்லறைத் தோட்டத்தில் கிடைத்த எலும்புகளை வரையச் சொல்லித்தான் அவரை அந்தப் பக்கம் இழுத்தார் என்பது கஹாலே பின்னாளில் எழுதியுள்ள செய்தி. அந்தக் கை வீண்போகவில்லை. நுண்ணோக்கியில் கண்டதை அவர் வரைந்த படங்கள் இன்றும் நரம்பியல் பாடநூல்களில் இடம்பெறுகின்றன.

கஹால் செய்த மாற்றங்கள் சிறியவை, விளைவு பெரியது. சாயத்தில் ஒருமுறைக்கு இருமுறை ஊறவைத்தார். முதிர்ந்த மூளையில் இழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்புறை படர்ந்திருக்கும், அந்த உறையுள்ள இழைகளில் சாயம் சரியாகப் பிடிக்காது என்பதைக் கவனித்து, உறை தோன்றுவதற்கு முந்தைய பருவத்தில் உள்ள கருக்களையும் குஞ்சுகளையும் தேர்ந்தெடுத்தார். 1888-இல் பார்சிலோனாவில், பறவையின் சிறுமூளையில், இழைகள் பெரிய செல்களின் உடலைக் கூடை பின்னினாற்போலச் சூழ்ந்துகொண்டு அங்கேயே முடிந்துவிடுவதை அவர் தெளிவாகக் கண்டார். அவை எதனுடனும் கலக்கவில்லை. ஏற்கும் இதழ் கிடைக்காமல், தாமே ஓர் இதழைத் தொடங்கித் தம் செலவிலேயே அச்சிட்டு வெளியிட்டார். ஸ்பானிய மொழியில் வந்ததால் அதைப் படித்தவர்கள் மிகச் சிலர்.

ஆகவே 1889-இல் தம் கண்ணாடிச் சில்லுகளை எடுத்துக்கொண்டு பெர்லினில் நடந்த ஜெர்மானிய உடற்கூறியலாளர் மாநாட்டுக்கே சென்றார். மேசையில் நுண்ணோக்கியை வைத்து, வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். அவர்களுள் ஒருவர் 72 வயதான ஆல்பர்ட் ஃபோன் கோலிக்கர்; அன்றைய திசுவியலில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. அவரும் அதுவரை வலைக் கட்சிதான். பார்த்து முடித்தபின் கட்சி மாறினார். அந்த வயதிலும் அந்த நிலையிலும் ஒரு மனிதர் ஆதாரத்தைக் கண்டு கருத்தை மாற்றிக்கொண்டது, என் பார்வையில், இந்த வரலாற்றில் கஹாலின் கண்டுபிடிப்புக்கு அடுத்தபடியான பெரிய செயல். 1891-இல் வில்ஹெல்ம் வால்டேயர் இவற்றையெல்லாம் தொகுத்தெழுதி, நரம்பணுவுக்கு நியூரான் என்று பெயரிட்டார்.

1906-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. ஸ்டாக்ஹோமில் முதல் நாள் பேசிய கோல்ஜி, நரம்பணுக்கள் தனித்தனிச் செல்களே என்னும் நியூரான் கொள்கை செல்வாக்கிழந்து வருகிறது என்று தொடங்கித் தம் உரையை அதை மறுப்பதற்கே பயன்படுத்தினார். மறுநாள் கஹால் அதே கொள்கைக்கான சான்றுகளை அடுக்கினார். இரண்டு செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நேரில் காட்டும் ஆற்றல் அன்றைய நுண்ணோக்கிகளுக்கு இல்லை என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரை 50,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் அந்த இடைவெளி. 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகே அது கண்ணுக்குத் தெரிந்தது. இருவரும் பரிசு வாங்கிய காலத்தில் கஹாலின் கொள்கையும் ஓரளவுக்கு ஊகம்தான்.

இனி, அந்த நரம்பணு எப்படிச் செயல்படுகிறது என்று பார்ப்போம். செல் உடலைச் சுற்றிக் கிளைகளாக விரியும் டென்ட்ரைட்டுகள் மற்ற செல்களிடமிருந்து செய்தியை வாங்குகின்றன. ஆக்சான் என்ற ஒற்றை நீள்இழை செய்தியை வெளியே அனுப்புகிறது. முதுகின் அடிப்பகுதியிலிருந்து கால்விரல் வரை செல்லும் ஆக்சான் ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். செல்லின் உள்ளே பொட்டாசியம் அயனிகள் மிகுதி, வெளியே சோடியம் அயனிகள் மிகுதி; இந்த ஏற்றத்தாழ்வால், ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கிறது. தூண்டல் ஓர் அளவைத் தாண்டியதும், சவ்வில் உள்ள நுண்வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு உட்புறம் நேர்மின் நிலைக்குத் தாவுகிறது, பின்னர் பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. ஓரிடத்தில் நிகழும் இந்தத் தாவல் பக்கத்து இடத்தைத் தூண்ட, அது அடுத்த இடத்தைத் தூண்ட, இப்படியே துடிப்பு ஆக்சானின் முனைவரை போய்ச் சேருகிறது. பாதித் துடிப்பு என்பது கிடையாது. வந்தால் முழுமையாக வரும், இல்லாவிட்டால் வராது. தூண்டல் வலுத்தால் துடிப்பு பெரிதாவதில்லை, அடிக்கடி வருகிறது.

இதை அளந்து நிறுவப் பயன்பட்டது நம் கடற்கரைச் சந்தைகளிலும் விற்கும் கணவாய் இனத்தைச் சேர்ந்த ஓர் உயிரி. அதன் உடலில் ஓடும் ஒரு ஆக்சான் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன் கொண்டது. உள்ளே மின்முனையைச் செருகவே முடியும். இங்கிலாந்தின் பிளைமவுத் கடல் ஆய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1939-இல் அதைச் செய்தனர். உடனே போர் மூண்டதால் வேலை நின்றது. 1952-இல்தான் துடிப்பு எழும் விதத்தைக் கணிதச் சமன்பாடுகளாக வெளியிட்டனர்.

ஆக்சானின் தடிமனும் மையலின் உறையும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. உறையுள்ள தடித்த இழையில் துடிப்பு நொடிக்கு 100 மீட்டர் வரை ஓடும். உறையற்ற மெல்லிய வலி இழையில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகரும். இருட்டில் கால் பெருவிரல் நிலைப்படியில் மோதும்போது, மோதியது முதலில் தெரிந்து, சுருக்கென்ற வலி அடுத்து வந்து, ஒரு கணம் கழித்தே அந்த ஆழ்ந்த எரிச்சல் வலி கிளம்புவது இதனால்தான்.

துடிப்பு ஆக்சானின் முனைக்கு வந்துவிட்டது. அதற்கு அப்பால் வழி இல்லை. 1897-இல் இந்தச் சந்திப்பிடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர் வைத்த சார்லஸ் ஷெரிங்டனுக்கும் செய்தி எப்படித் தாண்டுகிறது என்று தெரியாது. மின்பொறியாகத் தாண்டுகிறது என்று ஒரு சாராரும், வேதிப்பொருளாகத் தாண்டுகிறது என்று இன்னொரு சாராரும் வாதிட்டனர். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி ஒரு சோதனையைக் கனவில் கண்டு, எழுந்து கிறுக்கிவைத்ததைக் காலையில் படிக்க முடியாமல் தவித்து, மறு இரவும் அதே கனவு வந்ததும் நேரே ஆய்வகத்துக்குப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். 1921-இல் வெளியான அந்தச் சோதனை வியக்கத்தக்க அளவுக்கு எளியது. உப்புக் கரைசலில் துடித்துக்கொண்டிருந்த ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பை (மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் நரம்பு) தூண்டி அதன் துடிப்பை மந்தமாக்கினார். பின் அந்தக் கரைசலை எடுத்து நரம்பு நீக்கப்பட்ட இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மந்தமாயிற்று. நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரந்திருக்க வேண்டும். அது அசிட்டைல்கோலின் என்று பின்னர் உறுதியாயிற்று. 1936-இல் நோபல் பரிசு பெற்ற லோவி யூதர் என்பதால், 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியதும் அவரைச் சிறையில் அடைத்து, பரிசுப் பணத்தைத் தங்கள் வங்கிக்கு மாற்றிக்கொண்ட பின்னரே நாட்டைவிட்டுப் போகவிட்டனர்.

மின்பொறிக் கட்சியின் முதன்மை வாதியான ஜான் எக்கிள்ஸ், 1951-இல் நியூசிலாந்தில் பூனையின் தண்டுவட நரம்பணுக்களில் மின்முனை செருகிச் செய்த தம் சொந்தச் சோதனையாலேயே தோற்றார். சில சினாப்ஸ்களில் செய்தி வந்ததும் அடுத்த செல்லின் உட்புறம் மேலும் எதிர்மின் நிலைக்குப் போயிற்று. அதாவது அந்தச் செல் துடிக்காமல் தடுக்கப்பட்டது. மின்பொறிக் கொள்கையால் இதை விளக்க முடியவில்லை. நரம்பு மண்டலம் வேலை செய்யும் விதத்தில் இந்தத் தடுப்பு, தூண்டலுக்கு இணையான இடம் பெறுகிறது. ஒரு நரம்பணுவுக்கு ஆயிரக்கணக்கான சினாப்ஸ்கள் வழியே தூண்டலும் தடுப்பும் ஒரே நேரத்தில் வந்துகொண்டிருக்கின்றன. சிறுமூளையின் புர்கின்ஜி செல்லுக்கு அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்தையும் தாண்டும். கூட்டிக் கழித்து அளவைத் தாண்டினால்தான் அந்தச் செல் தன் துடிப்பை அனுப்பும். எல்லா இழைகளும் ஒரே வலையாகக் கலந்திருந்தால் இந்தக் கூட்டல் கழித்தலுக்கே இடமிருந்திருக்காது.

நல்லபாம்பின் நஞ்சு தாக்குவது இந்த இடைவெளியைத்தான். நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்தில் அசிட்டைல்கோலின் வந்து அமர வேண்டிய ஏற்பிகளில் நஞ்சு அமர்ந்துகொள்கிறது. நரம்பு கட்டளையிட்டும் தசை அசைவதில்லை. முதலில் கண்ணிமை சரிகிறது, கடைசியில் மூச்சுத்தசை நிற்கிறது. கட்டுவிரியனின் நஞ்சு இடைவெளியின் மறுகரையில் வேலை செய்து, சுரக்கும் நரம்பு முனையையே சிதைத்துவிடுகிறது. அசிட்டைல்கோலினின் அளவைக் கூட்டும் நியோஸ்டிக்மின் மருந்து நல்லபாம்புக் கடியில் பெரும்பாலும் உதவுவதும், கட்டுவிரியன் கடியில் அவ்வளவாக உதவாததும் இந்த வேறுபாட்டால்தான். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் நேரெதிர் வழியில் கொல்கின்றன: வேலை முடிந்த அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அவை முடக்குவதால், அது இடைவெளியிலேயே தேங்கி, சுரப்பிகளையும் தசைகளையும் ஓயாமல் தூண்டுகிறது. மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளுவாக்செடின், செரட்டோனின் என்ற பொருளை நரம்பு முனை திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கிறது. 1973-இல் டிமோத்தி பிளிஸ், டெர்யே லோமோ ஆகிய இருவரும், முயலின் மூளையில் ஒரு பாதையை வேகமாகத் தூண்டியபின் அங்குள்ள சினாப்ஸ்கள் மணிக்கணக்கில் வலுப்பெற்றிருப்பதைக் காட்டினர். நினைவு எப்படிப் பதிகிறது என்ற ஆய்வு பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கிறது.

கோல்ஜிக்கும் ஓரளவு நியாயம் கிடைத்தது. 1959-இல் ஃபர்ஷ்பானும் பாட்டரும் நன்னீர்ச் சிங்கி இறால் வகை ஒன்றில், வேதிப்பொருளின் உதவியின்றி மின்னோட்டமே நேராகக் கடக்கும் சினாப்ஸை விளக்கினர். பாலூட்டிகளின் மூளையிலும் அவை உண்டென்று இன்று தெரியும். 2023-இல், சீப்பு ஜெல்லி எனப்படும் கடலுயிரி ஒன்றின் நரம்பு வலையில் செல்கள் உண்மையாகவே ஒன்றோடொன்று கலந்து தொடர்ச்சியாக இருப்பது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தது. மனித மூளையைப் பொறுத்தவரை தீர்ப்பு கஹாலின் பக்கம்தான். ஆனால் கோல்ஜி கற்பனை செய்த வகை வலை இயற்கைக்கு முடியாத காரியம் அன்று.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்பது 2009-இல் வெளியான கணக்கு. எது எதனுடன் இணைகிறது என்று முழுமையாக வரையப்பட்ட முதல் விலங்கு, 302 நரம்பணுக்களே உள்ள ஒரு சிறு புழு. அந்த வரைபடம் 1986-இல் கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்தது. 2024-இல் பழ ஈயின் மூளை முழுவதும், ஏறத்தாழ 1.39 லட்சம் நரம்பணுக்களும் 5 கோடிக்கு மேற்பட்ட சினாப்ஸ்களுமாக, வரையப்பட்டது. அதே ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம், பிறவாத சிசுக்களின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, செல்களைப் பிரித்துப் பார்க்கும் தெளிவில் முப்பரிமாணத் தொகுப்பாக வெளியிட்டது. கெட்டிப்படுத்துவது, சீவுவது, சாயமேற்றுவது என்ற கஹால் காலத்து வேலை வரிசை இன்றும் தொடர்கிறது; பார்க்கும் கருவியும் கணக்கிடும் கருவியும்தான் மாறியுள்ளன.

வரைபடம் கிடைத்துவிட்டதால் புழுவின் நடத்தை முழுவதும் விளங்கிவிடவில்லை. ஒரு சினாப்ஸ் இருக்கிறது என்று படம் சொல்லும். அது அந்த நேரத்தில் எவ்வளவு வலுவானது, தூண்டுகிறதா தடுக்கிறதா என்பதைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடிவதில்லை. சில வேதிப்பொருள்கள் சினாப்ஸின் எல்லைக்குள் நிற்காமல் பரவி, இணைப்பே இல்லாத செல்களையும் பாதிக்கின்றன. ஆகவே அந்த 302 நரம்பணுக்களின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே, உயிருள்ள புழுவின் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக ஒளியால் தூண்டி, எது எதற்குப் பதில் தருகிறது என்று ஆய்வாளர்கள் இப்போது மறுபடியும் அளந்துவருகிறார்கள்.